உதவிக்குப் போனவர்

பெப்ரவரி 6, வியாழன்

பனி. எட்டு மணிவரை பக்கத்து வீட்டு வேலியே தெரியவில்லை. முதல் பஸ்ஸில் யாழ்ப்பாணம், பெரியாஸ்பத்திரி கிளினிக். இவரோடு நானும்.

கடைசிக் கட்டும் அவிழ்த்தாயிற்று. இனி வர வேண்டாமாம். வலது கையில் சுட்டுவிரல் இல்லை, நடுவிரல் இல்லை, பெருவிரல் பாதி. மூன்று மாதமாகத் துணிக்குள் இருந்ததை இன்றைக்குத்தான் நல்ல வெளிச்சத்தில் பார்த்தேன். வெளியே போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இவர் பார்க்கவே இல்லை. சுவரில் ஒட்டியிருந்த டெங்கு நோட்டீஸை முதலில் இருந்து கடைசிவரை வாசித்துக்கொண்டிருந்தார்.

டொக்டர் சின்ன வயதுப் பிள்ளை, மரியாதையான பிள்ளை. "என்ன தொழில் ஐயா?" என்று கேட்டார்.

"காணி பூமி இருக்கு," என்றார் இவர்.

"கை எப்பிடி வெட்டுப்பட்டது?"

"அண்ணையின்ர மரக்காலையில. மரம் அரியிற வாள். சும்மா ஒரு உதவிக்கு நிண்டனான்."

சும்மா உதவி. ஏழு வருசமாக ஞாயிறு தவிர எல்லா நாளும் காலையில் போய்ப் பொழுதுபடத் திரும்பி வருகிற உதவி. காணி பூமி என்றதும் உண்மைதான். எட்டுப் பரப்பு, அரை ஏக்கர். கிணறு உவர். போன வருசம் விளைந்தது நாயுருவி.

வரும்போது பண்ணைப் பாலம் தாண்டியதும் பஸ் பழுது. எல்லோரும் இறங்கி நின்றோம். இவர் வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, கடலைப் பார்த்தபடி, ஏதோ உலாத்த வந்தவர் மாதிரி.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், மகள் துளசிக்குக் கணக்குக் கொப்பி, நூல் (மெரூன், கறுப்பு). நூலை மறந்தேன். நாளைக்குத் தைத்துக் கொடுக்க வேண்டிய இரண்டு சட்டை அப்படியே கிடக்கிறது.

பெப்ரவரி 8, சனி

ராணியக்கா பை கொண்டுவந்தா. பரமண்ணையின் மனுசி. பரமண்ணை இவருடைய பெரியப்பாவின் மகன், மரக்காலை முதலாளி.

மற்ற வேலையாட்களுக்குச் சனிக்கிழமை பின்னேரம் மரக்காலை வாசலில் சம்பளம். வரிசையில் நின்று வாங்குவார்கள். இவருக்கு அப்படி இல்லை. தம்பியை வரிசையில் விடலாமோ? அதனால் ராணியக்கா ஒரு பையோடு வீட்டுக்கு வருவா. அரிசி, தேங்காய், சில நேரம் மரவள்ளிக்கிழங்கு. அடியில் ஒரு பேப்பர் துண்டில் சுற்றிய காசு. கையில் தரமாட்டா. பையைக் குசினியில் அடுப்புத் திட்டில் வைத்துவிட்டு, "பிள்ளைக்கு வைச்சிரும்," என்பா. ஏழு வருசமும் இதே வசனம். நானும் ஏதோ எதிர்பாராதது வந்த மாதிரி "ஏனக்கா இதெல்லாம்" என்பேன். இவர் அந்த நேரம் கிணற்றடிக்குப் போய்விடுவார்.

கை வெட்டுப்பட்டதிலிருந்து பையில் அரிசி மட்டும், இன்றைக்கும் அப்படித்தான். பேப்பர் துண்டு இல்லை. "பிள்ளைக்கு" என்ற வசனமும் இல்லை. கதிரையில் நுனியில் இருந்து, தேத்தண்ணீர் பாதி குடித்துவிட்டு, "கை எப்பிடி இருக்கு" என்றா. கையின் சொந்தக்காரர் கிணற்றடியில் நின்றார்.

பின்னேரம் வானம் வெளித்தது, அவ்வளவு குளிர் இல்லை.

பெப்ரவரி 11, செவ்வாய்

சுருவில் சந்தியில் யூட்டைக் கண்டேன். மரக்காலையில் இவரோடு நின்ற ஆள், ஊர்காவற்றுறைப் பக்கம், நாற்பது வயதிருக்கும். அன்றைக்கு மெசினை நிற்பாட்டி, இவருடைய கையைத் தன் சாரத்தைக் கிழித்துச் சுற்றி, ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் அவர்தான். அதற்கு ஒரு நன்றியும் இவர் சொன்னதாகத் தெரியாது.

சைக்கிளை விட்டு இறங்கிச் சொன்னார்: "அக்கா, இதுக்கு நட்டஈடு இருக்கு. யாழ்ப்பாணத்தில தொழில் கந்தோருக்குப் போய் ஒருக்காக் கேளுங்கோ. எங்கட ஊரில ஒருத்தருக்கு ஐஸ் தொழிற்சாலையில கால் போனது. கிடைச்சது."

"முதலாளி கோவிப்பாரே," என்றேன்.

"கோவிச்சா விரல் முளைக்கப் போகுதே அக்கா."

வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லவில்லை.

துளசிக்குத் தமிழில் 81. கணிதம் கேட்கக் கூடாது.

பெப்ரவரி 18, செவ்வாய்

சட்டைத் துணி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். துணியும் வாங்கினேன், பொய் இல்லை.

தொழில் கந்தோர். முறைப்பாடு கேட்கிற உத்தியோகத்தர் ஒரு மிஸ், என் வயது இருக்கும், கண்ணாடி, மேசையில் இடியப்பப் பார்சல். முழுதும் கேட்டா. இடையில் ஒரு தரமும் "பாவம்" என்று சொல்லவில்லை. அதுவே பெரிய ஆறுதல்.

அவ சொன்னதில் விளங்கியது:

– வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் என்று ஒன்று. பழைய காலத்துச் சட்டம்.

– ஆரில் பிழை என்று தேட மாட்டார்கள். வேலை செய்யும்போது வந்த காயமோ, காயப்பட்டவர் வேலையாளோ. இந்த இரண்டும் சரி என்றால் முதலாளி கொடுக்க வேண்டும்.

– கடிதம், பதிவு, சம்பளச் சீட்டு இல்லாவிட்டாலும் வேலையாள் வேலையாள்தான். சொந்தக்காரர் என்பதால் இல்லாமல் போகாது.

– விரல்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. சுட்டுவிரலுக்கு ஒரு அளவு, நடுவிரலுக்கு வேறு, பெருவிரலுக்குக் கூட.

பட்டியலைத் திருப்பிக் காட்டினா. கண், கால், முழங்கைக்குக் கீழே, முழங்கைக்கு மேலே. இறைச்சிக் கடையில் கூட இவ்வளவு விபரமாகப் பிரித்து வைக்க மாட்டார்கள். எழுதியவனுக்கு நெஞ்சு எப்படி வந்ததோ. பிறகு நினைத்தேன், எழுதாமல் விட்டிருந்தால் இன்றைக்கு எனக்கு என்ன இருக்கும்.

"காசு எப்பிடிக் குடுத்தவை?" என்று கேட்டா. பை, அரிசி, பேப்பர் துண்டு எல்லாம் சொன்னேன்.

"பேர் என்னவாயும் இருக்கட்டும். வேலைக்குத்தானே குடுத்தது. அவர் வேலைக்குப் போகாத கிழமை அந்தக் காசு வந்ததோ?"

யோசித்தேன். கை வெட்டுப்பட்ட பிறகு வரவில்லை. அதற்கு முதலும், போன வருசம் இவருக்கு டெங்கு, ஒரு கிழமை படுக்கை. அந்தச் சனிக்கிழமை ராணியக்கா கொண்டுவந்தது தோடம்பழம் மட்டும். காசு இல்லை.

மிஸ் சிரித்தா. "அது போதும். ஆனா அதை நீங்கள் சொல்லிச் சரிவராது. அவர் தன்ர வாயால சொல்ல வேணும். நான் சம்பளத்துக்கு வேலை செய்தனான் எண்டு."

அவருடைய வாயால். அது என்ன வாய் என்று மிஸ்ஸுக்குத் தெரியாது.

பெப்ரவரி 19, புதன்

சொன்னேன். சாப்பிட்டு முடியும்வரை பொறுத்திருந்து சொன்னேன்.

"என்ர அண்ணைக்கு மேல நான் வழக்குப் போடுறதோ?"

"வழக்கில்லை. விண்ணப்பம்."

"எங்கட அப்பப்பாவின்ர வயலில ஊரே வேலை செய்தது. அவரின்ர பேரன் நான், பெரியப்பாவின்ர மகனிட்டைக் கூலிக்கு நிண்டனான் எண்டு கந்தோரில போய் எழுதிக் குடுக்கிறதோ? நீர் எழுதிக் குடுப்பீரோ?"

"நீங்கள் நிண்டது என்னத்துக்கு?"

"உதவிக்கு."

"அப்ப அந்தப் பேப்பர் துண்டு?"

"அது பிள்ளைக்குக் குடுத்தது."

இடது கையால் சோற்றுக் கோப்பையைத் தள்ளினார், தண்ணீர்ச் செம்பும் சேர்ந்து உருண்டது. துளசி துடைத்தாள். எனக்கு ஆத்திரம். விரல் போன கையை வைத்துக்கொண்டு இந்த ஆள் இன்னும் உடையார் பரம்பரை நடத்துகிறார்.

மார்ச் 5, புதன்

வெயில் தொடங்கிவிட்டது. கிணறு இறங்குகிறது.

காலையில் இவரைச் சேட்டோடு அறைக்குள் கண்டேன். தெறி பூட்ட ஏலாமல் நிற்கிறார். மேல் தெறியை இடது கையால் பூட்டியாயிற்று, இரண்டாவது ஓட்டைக்குள் போகவில்லை. வேர்த்துப் போயிருந்தார். நான் போய்ப் பூட்டிவிட்டேன். முகத்தைப் பார்க்காமல் பூட்டினேன்.

சேட்டு அயர்ன் பண்ணியது. பையில் பேனை. மரக்காலைக்குப் போன காலம் முழுதும் இதுதான் கோலம். அங்கே போய்க் கழற்றிக் கொழுவிவிட்டு, சாரம் மாற்றிக்கொண்டு, மரத்தூளுக்குள் நிற்பார். பின்னேரம் கிணற்றில் மேல் கழுவி, திரும்ப சேட்டு, பேனை. ஊருக்குத் தெரிந்தது சேட்டும் பேனையும். "அண்ணையின்ர மரக்காலையை ஒருக்காப் பாத்திட்டு வாறன்" என்றுதான் வாசல் படலையடியில் சொல்லிவிட்டுப் போவார். மரத்தூள் மணம் தலையணையில் இருக்கும், அது எனக்கு மட்டும் தெரியும்.

இன்றைக்கும் அங்கேதான் போனார். பாரம் இல்லாத வேலை ஏதும் கேட்கலாம் என்று. சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

மத்தியானத்துக்கு முதலே வந்துவிட்டார். வாள் மெசினில் புதுப் பொடியன் ஒருவனாம். பரமண்ணை கதிரை கூட எடுத்துப் போடவில்லையாம். "உனக்கு இனி என்னடா வேலை, பேசாமல் வீட்டில இரு" என்றாராம்.

பின்னேரம் தானாகவே வந்து கேட்டார்: "அந்தக் கடுதாசி எங்கை?"

மிஸ் தந்துவிட்ட விண்ணப்பத்தில் இடது கையால் கையெழுத்து. சின்னப் பிள்ளை எழுதின மாதிரி வந்தது. துளசி கொப்பியைப் பிடித்துக்கொண்டாள், பேப்பர் நகராமல். வைத்துவிட்டுச் சொன்னார்: "போடுறன். ஆனா கூலி எண்டு நான் வாய் திறந்து சொல்ல மாட்டன். அதுகும் அண்ணைக்கு முன்னால."

மார்ச் 22, சனி

பரமண்ணைக்குக் கந்தோர்க் கடிதம் கிடைத்துவிட்டது. ஊருக்கே தெரிந்துவிட்டது.

பை வரவில்லை. அரிசியும் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை, ஆனாலும் பின்னேரம் முழுக்கப் படலைச் சத்தத்துக்குக் காது போய்க்கொண்டிருந்தது. வெட்கம்.

சங்கக் கடையில் இரண்டு பேர் எனக்குப் பின்னால்:

"கை குடுத்தவனுக்கே கடுதாசி போட்டிட்டினமாம்."

"அவர் அங்கை சும்மா போய் இருக்கிறவர்தானே. எங்களுக்குத் தெரியாதோ."

திரும்பிப் பார்க்கவில்லை. பருப்பு, உப்பு, சவர்க்காரம் வாங்கிக்கொண்டு வந்தேன். அவர்களைப் பேசி என்ன. ஏழு வருசம் படலையடியில் நின்று இவர் சொன்னதைத்தான் அவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள்.

ஏப்ரல் 14, திங்கள்

வருசப்பிறப்பு. மருத்துநீர், பொங்கல், எல்லாம் ஒப்புக்கு.

ஒவ்வொரு வருசமும் பரமண்ணை வீட்டுக்குப் போய்த்தான் கைவிசேஷம் வாங்குவார். அவர் மூத்தவர், வெற்றிலையில் காசு வைத்துத் தருவார், இவர் குனிந்து வாங்குவார். இந்த வருசம் போவாரா, விடுவாரா என்று காலை முழுதும் பார்த்தேன். வேட்டி கட்டினார். வேலணை போகிற றோட்டுவரை நடந்தார். திரும்பி வந்தார். வெயில் கூடவாம்.

பிறகு பொங்கலை இடது கையால் சாப்பிட்டார். கரண்டி பழகிவிட்டது.

யூன் 16, திங்கள்

சோளகம். இரண்டு நாளாக ஓயாத காற்று, குசினிக்குள் எல்லாம் மணல். மண்கும்பான் பக்கம் றோட்டிலும் மணல் ஏறியிருக்கிறதாம்.

நாளைக்கு விசாரணை. மிஸ் போன் எடுத்தா. கேட்கிறதுக்கு மட்டும் பதில், உள்ளதை உள்ளபடி, காய்ச்சல் கிழமையை மறக்க வேண்டாம் என்று இவரிடம் சொல்லச் சொன்னா. சொன்னேன். "ம்" என்றார்.

"சொல்லுவியளோ?"

"பாப்பம்."

"பாப்பம் எண்டா என்ன?"

எழுந்து போய்விட்டார். மாட்டுக்கு வைக்கோல் போடுகிற சத்தம் கேட்டது. மாட்டுக்கு நான் பின்னேரமே போட்டாயிற்று.

பயமாக இருக்கிறது. இவர் நாளைக்கு "உதவி" என்று ஒரு சொல் சொன்னால் எல்லாம் முடிந்தது. துளசியின் படிப்பு, இந்த வீட்டின் அடுப்பு, எல்லாம் இவருடைய ஒரு வாயில். சட்டை தைத்து நான் எவ்வளவு தூரம் இழுப்பேன்.

யூன் 17, செவ்வாய்

நேரம் நல்லாய்ப் போய்விட்டது. ஆனாலும் எழுதி வைக்க வேண்டும்.

கந்தோர் மேல்மாடி, சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி, கொழும்பிலிருந்து வந்தவர், தமிழர், தலை நரைத்தவர், விடாத இருமல். பக்கத்தில் தட்டச்சுப் பிள்ளை. ஒரு பக்கம் பரமண்ணையும் சட்டத்தரணியும். மற்றப் பக்கம் நாங்கள், மிஸ். பரமண்ணை என்னைப் பார்த்து "சுகமோ பிள்ளை" என்றார். அதுதான் என்னை உலுக்கியது. வழக்கமாகக் கேட்கிற மாதிரியே கேட்டார்.

முதலில் யூட். அங்கேயே வேலை செய்கிற மனிதர், முதலாளி பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் வந்ததே பெரிது. மிஸ் கேட்டபோது, காயப்பட்டது வாள் மெசினில்தான், தினமும் வருகிறவர்தான் என்று சொன்னார். பிறகு சட்டத்தரணி எழும்பினார்.

"இவர் கூலியாளோ?"

"தெரியாது ஐயா. ஒருக்காக் கேட்டனான், அண்ணை உங்களுக்கு நாள் சம்பளமோ எண்டு. 'நான் கூலிக்கு வாறனான் இல்லை, இது என்ர அண்ணையின்ர இடம்' எண்டவர்."

"மத்தியானம் எங்கை சாப்பிடுறவர்?"

"முதலாளி வீட்டுக்குள்ள. நாங்கள் கொட்டிலில."

"உங்களோட ஒரு நாளும் இருந்து சாப்பிடேல்லையோ?"

"இல்லை ஐயா."

"சம்பளத்துக்கு வரிசையில நிக்கிறவரோ?"

"இல்லை. அந்த நேரம் வீட்டை போயிடுவார்."

ஒரு சொல்லும் பொய் இல்லை. இவர் குனிந்த தலை நிமிரவில்லை. ஏழு வருசமாகக் காப்பாற்றின மானம் எல்லாம் வந்து மேசையில் வரிசையாக இருந்தது. சட்டத்தரணி அதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்தது பரமண்ணை.

"என்ர தம்பிதான் ஐயா. வீட்டில சும்மா கிடந்தவன். நாலு சனத்தோட இருக்கட்டும் எண்டு கூப்பிட்டு வைச்சிருந்தனான். குடும்பத்துக்குச் சாமான் குடுத்தனான், அது நான் செய்யிற உதவி. அவனுக்கு மரவேலை என்ன தெரியும்? ஒரு கூரைச் சிலாகை நேர அரியத் தெரியாது. ஒரு பக்கத்தில கதிரை போட்டு இருந்து பேப்பர் பாப்பான். அண்டைக்கு நான் இல்லாத நேரம், ஆசைக்கு வாளைத் தொட்டிருக்கிறான்."

ஆசைக்கு.

அதிகாரி இவரைப் பார்த்தார். "நீங்கள் என்ன சொல்லுறியள்?"

இவர் எழும்பினார். வலது கை பைக்குள். வாய் திறக்கவில்லை. மிஸ் என்னைப் பார்த்தா. நான் இவருடைய சேட்டு முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வேர்வை பரவிக்கொண்டு போனது. முடிந்தது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அப்போது கையைப் பைக்குள்ளிருந்து எடுத்தார். ஆட்களுக்கு முன்னால் அந்தக் கையை வெளியே எடுத்தது இதுதான் முதல் தரம்.

"அண்ணை," என்றார், அதிகாரியைப் பார்க்காமல். "உங்கட புது வீட்டுக் கூரையில இருக்கிற சிலாகை ஆர் அரிஞ்சது?"

பரமண்ணை சட்டத்தரணியைப் பார்த்தார்.

"எனக்குச் சொல்லுங்கோ," என்றார் அதிகாரி.

"ஐயா, காலமை வரச் சொல்லுறது அண்ணை. எந்த மரம், எத்தினை அடி எண்டு சொல்லுறது அண்ணை. மூடி கிடந்தா வேலை ஓடாது எண்டு வாளின்ர மூடியைக் கழட்டி வைச்சதும் அண்ணை. காய்ச்சலில நான் போகாத கிழமை எங்கட வீட்டுக்குக் காசு வரேல்லை. இவ்வளவு காலமும் அந்த மெசினில நிண்டது நான். இந்தத் தீவில எத்தினை வீட்டுக் கூரை என்ர கையால போனது."

"அப்ப நீங்கள் அவரிட்டை என்னவா இருந்தனீங்கள்?"

"கூலி."

தட்டச்சுப் பிள்ளை நிமிர்ந்தது. "கேக்கேல்லை. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ."

"கூலி," என்றார். "அண்ணையிட்டைக் கூலிக்கு நிண்டனான். வேலை தெரியாதவன் எண்டு மட்டும் எழுத வேண்டாம்."

பிள்ளை அடித்தது. அதிகாரி இருமி முடித்து, பரமண்ணையிடம் இரண்டு கேள்வி கேட்டார். கூரைச் சிலாகை பற்றி ஒன்று, காய்ச்சல் கிழமை பற்றி ஒன்று. இரண்டுக்கும் சட்டத்தரணிதான் ஏதோ சொன்னார். பிறகு அதிகாரி சொன்னார், இவர் வேலையாள்தான், அதில் தனக்குச் சந்தேகம் இல்லை, டொக்டர் அறிக்கை பார்த்து எவ்வளவு என்று பிறகு அறிவிப்போம் என்று.

மிஸ் என் கையைப் பிடித்து அமத்தினா. வென்றுவிட்டோம் என்று வாயில் வந்தது. சொல்லவில்லை.

படியில் யூட் நின்றார். "குறை நினையாதேங்கோ அண்ணை. கேட்டதுக்குத்தான் சொன்னனான்."

"நீர் பொய் சொல்லேல்லை," என்றார் இவர்.

பஸ்ஸில் திரும்பினோம். மண்டைதீவுச் சந்தி தாண்ட, கடல்காற்றோடு உப்புத் தண்ணீர் யன்னலில் அடித்தது. இவர் கையை மடியில் வைத்திருந்தார், பைக்குள் விடவில்லை. பக்கத்தில் இருந்த மனிதன் பார்த்தான். பார்க்கட்டும் என்று இருந்தார்.

யூன் 18, புதன்

வெளியே போகவில்லை. முழுநாளும் கட்டிலில், சுவர்ப் பக்கம் திரும்பி.

தேத்தண்ணீர் கொண்டுபோனபோது கேட்டார்: "துளசிக்கு நாளைக்குச் சம்பந்தம் பேசேக்க, தேப்பன் என்ன செய்தவர் எண்டு கேப்பினம். என்ன சொல்லுவீர்?"

"மரம் அரிஞ்சவர் எண்டு சொல்லுவன்."

தேத்தண்ணீர் ஆறிப்போய் அப்படியே இருந்தது. பிறகு நான் குசினிக்குள் இருந்து அழுதேன். எதற்கு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

தைக்க வந்திருந்த சட்டை ஒன்றை முடித்துக் கொடுத்தேன்.

யூன் 28, சனி

பரமண்ணையின் மகள் சிந்துவுக்குக் கல்யாணம் எழுதியாயிற்றாம். ஆடி பிறக்க முதல் செய்கிறார்கள், மாப்பிள்ளை கனடா, லீவு இல்லை. பால் கொண்டு திரிகிற பிள்ளை சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

இன்றைக்கிருந்து வீடு வீடாகக் கல்யாணம் சொல்ல வெளிக்கிட்டிருக்கிறார்களாம். சொந்தக்காரர் வீட்டுக்குத் தாயும் தகப்பனும் தட்டத்தோடு நேரில் வந்து சொல்ல வேண்டும். கூப்பிடாத வீட்டுக்கு ஒருவரும் போவதில்லை. சிந்துவுக்கு இவர் சித்தப்பா. அவள் நடை பழகினது இவருடைய விரலைப் பிடித்துத்தான்.

இவரிடம் சொன்னேன். "வருவினம்," என்றார். "கந்தோர்க் கதை வேற, இது வேற. அண்ணை வருவார்."

யூலை 3, வியாழன்

காற்று குறைவு. புழுக்கம்.

மூன்று நாளாக இதே கூத்து. காலையில் சவரம், இடது கையால், கன்னத்தில் இரண்டு வெட்டு. வேட்டி. முன் விறாந்தையில் கதிரைகளைத் துடைத்து நேராக வைக்கிறார். "வந்தா இருத்த வேணுமெல்லே." பிஸ்கட் பெட்டி ஒன்று, சோடா இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். நானும் நல்ல சேலைதான் கட்டியிருந்தேன், ஏன் மறைப்பான்.

இன்றைக்குப் பத்து மணிபோல பரமண்ணையின் வான் வந்தது. பக்கத்து வீட்டுப் படலையில் நின்றது. ராணியக்காவின் சிரிப்பு கேட்டது. தட்டம் வைக்கிற சத்தம், கதிரை இழுக்கிற சத்தம் எல்லாம் வேலிக்கு மேலால் வந்தது. இவர் எழும்பி நின்றார். சேட்டை இழுத்துவிட்டார்.

வான் திரும்பி, எங்கள் படலையைத் தாண்டி, வந்த வழியே போனது.

கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "நேரம் போயிட்டுது, நாளைக்கு வருவினம்," என்றார். துளசி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

யூலை 5, சனி

பின்னேரம் படலையடியில் சைக்கிள் மணி. யூட்.

உள்ளே வரவில்லை. சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார், முகத்தைத் தூக்கவில்லை. இவர் விறாந்தையில் இருந்து எழும்பினார். நான் குசினிப் பக்கத்தில் இருந்து வந்தேன்.

"முதலாளி ஒண்டு சொல்லச் சொல்லி விட்டவர் அண்ணை. நான் மாட்டன் எண்டனான். பிறகு, வேற ஆரும் வந்து சொல்லுறதிலும் பாக்க நானே வருவம் எண்டு வந்தனான்."

"சொல்லும்."

"புதன்கிழமை கலியாணம். வேலையாக்களுக்கு வியாழக்கிழமை மத்தியானம் மரக்காலையில சாப்பாடு. வேலையாக்கள் எல்லாருக்கும் சொல்லச் சொன்னவர்." நிறுத்தினார். "உங்களுக்கும்."

வாயில் வந்ததை எல்லாம் சொல்லிப் பரமண்ணைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் போல இருந்தது. ஒரு அடி முன்னால் வைத்தேன். இவர் கையால் மறித்தார், அந்தக் கையால்.

"உள்ளுக்கு வாரும் யூட்."

"இல்லை அண்ணை, நான் போக வேணும்."

"வாரும் எண்டுறன்."

துடைத்து வைத்த கதிரையில் இருத்தினார். என்னைத் தேத்தண்ணீர் போடச் சொன்னார். பிஸ்கட் பெட்டியைத் தானே எடுத்து, முழங்காலுக்கிடையில் வைத்து, இடது கையால் பிரித்து நீட்டினார். யூட் ஒன்று எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தார், கடிக்கவில்லை.

தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். இவர் தன் கதிரையை யூட்டுக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"வியாழக்கிழமை நீங்கள் எல்லாரும் எத்தினை மணிக்குச் சாப்பிடப் போறியள்?"

"பன்னிரண்டு, பன்னிரண்டரை போல, அண்ணை."

"நானும் வாறன். கொட்டிலில உமக்குப் பக்கத்தில ஒரு இடம் வைச்சிரும்."

வியாழன் மத்தியானம் இவருக்குச் சோறு வைக்கத் தேவையில்லை.